கிழக்கிலிருந்து வந்த தொதல்

பார்த்த மாத்திரத்தில் பச்சைத் தமிழ்ச் சொல் போலத்தான் இருக்கிறது தொதல். செய்தல், கிண்டுதல் என்ற வரிசையில் இதையும் ஒரு தொழிற்பெயராக வைத்துவிடலாம். ஆனால் ‘தொது’ என்றொரு வினை தமிழில் கிடையாது. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் கிண்டுகிற இந்தக் கருத்த இனிப்பின் பெயர் மலாய் மொழியின் ‘டோடோல்’. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இன்றைக்கும் அதுதான் பெயர்.

கடைசி ஓகாரம் அகரமாகத் தேய்ந்திருக்கிறது. நம் நாக்குக்குப் பழகிப்போன ‘தல்’ ஈறு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்பது என் ஊகம். சிலர் துதல் என்பார்கள். இலங்கைத் தமிழிலும் தொதல்தான். சிங்களமோ ‘தொதொல்’ என்று பழைய ஓசையை விடாமல் வைத்திருக்கிறது.

இப்படி ஒரு சொல் இந்தக் கரையில் இறங்கியதில் வியப்பில்லை. கீழக்கரைக்குப் பக்கத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் வணிகம் கீழக்கரையிலிருந்தே நடந்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்களை மலாய் நாட்டார் ‘சூலியா’ என்றார்கள். பினாங்கில் அந்தப் பெயரில் தெருவே இருக்கிறது. நம்மவர்கள் சரக்கோடு சொற்களையும் கொண்டுபோனார்கள். கப்பல் அங்கே ‘காப்பால்’ ஆனது, கடை ‘கெடாய்’, கிடங்கு ‘குடாங்’, ஆப்பம் ‘ஆப்பம்’தான். திரும்பி வந்த சரக்கில் ஒன்று தொதல். கீழக்கரைக்காரர்களுக்குக் கொழும்போடும் நெடுநாள் வியாபாரம் உண்டு என்பதால் இலங்கை வழியாகவும் இது வந்திருக்கலாம். எனக்கென்னவோ இரண்டு வழியுமே திறந்திருந்தன என்றுதான் படுகிறது.

பெயர் வந்ததே தவிர, பண்டம் இங்கே வந்து ஆளே மாறிவிட்டது. மலாய்க்காரர்கள் ஒட்டும் தன்மையுள்ள ‘புலுட்’ அரிசி மாவையும் ‘குலா மலாக்கா’ என்ற தென்னை வெல்லத்தையும் சேர்ப்பார்கள். ராமநாதபுரம் பனைமரச் சீமை. வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி ஏறிக்கொண்டது. புலுட் அரிசி இல்லாத இடத்தில் பச்சரிசி மாவு. மாறாமல் நின்றது தேங்காய்ப்பால் ஒன்றுதான், அதிலேதான் தொதலின் சூட்சுமமும் இருக்கிறது. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, மாவும் பாலும் கலந்து அடுப்பில் ஏற்றினால் பிறகு கரண்டியைக் கீழே வைக்கக்கூடாது. மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். கஞ்சி கூழாகி, கூழ் இறுகி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது தேங்காய்ப்பாலே எண்ணெயாகப் பிரியும். அந்த எண்ணெயை வழித்தெடுத்துவிட்டுத் தட்டில் கொட்டி ஆறவைப்பார்கள். முந்திரி அவரவர் வசதி. ஒரு ஆளின் கை தாங்காது. கிண்டுவதற்குக் கூட்டம் வேண்டும். விசேஷப் பண்டமாக இது நின்றதற்கு, ருசிக்குச் சமமாக இந்த வேலைப்பளுவும் காரணம்.

எந்தப் பண்டிகைக்கு என்பது மட்டும் ஊருக்கு ஊர் வேறு. மலேசியாவில் நோன்புப் பெருநாளுக்கு. இலங்கையில் முஸ்லிம்களின் பெருநாளோடு, சிங்களவர்களின் சித்திரைப் புத்தாண்டுத் தட்டிலும் ‘கலு தொதொல்’ இருக்கும். கலு என்றால் கறுப்பு. மலாய்க் குடும்பங்கள் வாழும் அம்பாந்தோட்டை அதற்குப் பேர்போன ஊர். கோவாவில் ‘டோடோல்’ என்ற பெயரிலேயே கிறிஸ்துமஸ் பலகாரம். 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் பிடித்த போர்த்துகீசியர்தான் அந்தப் பயணத்துக்குக் கப்பல் கொடுத்திருக்க வேண்டும். மேற்கு ஜாவாவின் காருட் நகரத்துக்கோ பண்டிகையே வேண்டாம். அங்கே இது ஆண்டு முழுக்க விற்கிற ஊர்ச் சரக்கு.

இப்போது வெளியூர்க்காரர்களுக்குப் புரியட்டும் என்று ‘தொதல் அல்வா’ என்றும் சொல்கிறார்கள். அரபியிலிருந்து வந்த அல்வாவை மலாயிலிருந்து வந்த தொதலோடு சேர்த்துக் கட்டிய பெயர் அது. வேடிக்கைதான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. திருநெல்வேலி அல்வா கோதுமைப்பாலிலும் நெய்யிலும் வேகிறது. தொதலுக்கு இரண்டும் தேவையில்லை. வாயில் வழுக்கிக்கொண்டு போவது அல்வா, பல்லுக்கு வேலை வைப்பது தொதல். கீழக்கரையில் கேட்டு வாங்கும்போது தொதல் என்றால் போதும்.