புயலின் பாதையைச் சொன்னவர்



"புயல் எல்லாம் கடலோரத்துக்காரர் பாடு, நம்ம சேலம் நாமக்கல்லுக்கு என்ன வந்தது?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அது வலுக்குறைந்து உள்ளே வந்தபோது, நமக்குப் பக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. கரையேறினால் புயலின் காற்றுதான் தணியும். மேகத்தில் உள்ள தண்ணீர் எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? ஆகவே புயலைக் கணிக்கிற ஒருவருடைய கதையை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

அவர் பெயர் மிருத்யுஞ்சய் மொகாபாத்ரா. 1965ல் ஒடிசா மாநிலம் பத்ரக் மாவட்டத்தில், கடலோரப் பகுதியில் பிறந்தவர். 1971ல் ஒடிசாவைத் தாக்கிய புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அப்போது அவர் சின்னப் பையன். இயற்பியல் படித்து, தொண்ணூறுகளில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். 1999 அக்டோபர் 29ல் பெரும்புயல் மறுபடியும் ஒடிசாவில் இறங்கியது. அதிலும் கிட்டத்தட்ட பத்தாயிரம் உயிர் போயிற்று.

புயல் வருகிறது என்றால் மட்டும் போதாது. எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எவ்வளவு வேகத்தில் என்று சொன்னால்தான் ஜனங்கள் கிளம்புவார்கள். அதற்குப் பிறகு துறை தன் கருவிகளைப் பெருக்கியது. 2002ல் சென்னையில் டாப்ளர் ராடார் வந்தது. 2009 முதல் புயலின் பாதையை மூன்று நாள் முன்னதாகவும், 2013 முதல் ஐந்து நாள் முன்னதாகவும் சொல்ல முடிந்தது. டெல்லியில் புயல் எச்சரிக்கைப் பிரிவைக் கவனித்தவர் மொகாபாத்ராதான்.

2013 அக்டோபர் 12ல் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியது. முன்கூட்டியே சொன்னதை நம்பி அரசாங்கம் சுமார் பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தியது. வீடும் பயிரும் போயின. ஆனால் ஒடிசாவில் இறந்தவர்கள் ஐம்பதுக்குள்தான். பத்தாயிரம் எங்கே, ஐம்பது எங்கே! "இந்தியாவின் புயல் மனிதர்" என்று பத்திரிகைகள் அவரை அழைத்தன. 2019ல் துறையின் தலைமை இயக்குநர் ஆனார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கணிப்பு மட்டும் உயிரைக் காப்பாற்றவில்லை. அதைக் கேட்டு, வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்களே, அவர்களும் சேர்ந்துதான் காப்பாற்றினார்கள்.

நமக்கும் அப்படித்தான். மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு என்று அர்த்தம். ஆரஞ்சு அறிவிப்பு வந்தால் பிடுங்கிப் போட்ட நிலக்கடலையை மூடி வையுங்கள். மரவள்ளிக் காட்டில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்; வடிகாலை வெட்டி விடுங்கள். வாழைக்கு முட்டுக் கொடுங்கள். உரம் போடுவதையும் மருந்து தெளிப்பதையும் தள்ளிப் போடுங்கள். கோழித் தீவனம் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி வையுங்கள்.

ஒரு தடவை சொன்ன மழை பெய்யாமல் போகலாம். அதற்காக அடுத்த அறிவிப்பைக் காதில் வாங்காமல் விட்டுவிடாதீர்கள். வடிகால் வெட்டியது அரை நாள் வேலை. வெட்டாமல் விட்டால் ஒரு வருஷ வெள்ளாமை.