பம்பாயில் பீட் இசை: ஒரு தலைமுறையின் வரலாறு

இசையில் தோயாத தலைமுறை உலகில் எதுவுமில்லை. ஆயினும், ஒரு தலைமுறை போற்றிய இசையை அதற்கு முந்திய தலைமுறை வெற்றிரைச்சல் என இகழ்வதும், அங்ஙனம் இகழப்பட்டோரே முதுமை எய்தியபின் தம் பேரப்பிள்ளைகள் கேட்கும் இசையை அதே சொல்லால் இகழ்வதும் உலகியற்கையாக இருந்து வருகின்றன. மாதுங்காவிலும் செம்பூரிலும் மாலை வேளைகளில் கூடியிருக்கும் நம் முதியோர் பேச்சைச் செவிமடுப்போர் இவ்வுண்மையை நன்கு உணர்வர். அரியக்குடியையும் செம்மங்குடியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், திடீரென்று எல்விஸ் பிரெஸ்லியையும் பீட்டில்ஸ் குழுவினரையும் நினைவுகூர்ந்து, கைத்தடியால் தாளமிடத் தொடங்கிவிடுவர். எழுபதும் எண்பதும் கடந்த அப்பெருமக்களின் முகத்தில் அவ்வேளை தோன்றும் ஒளியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

நம் பம்பாய்த் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கோயில்களையும், பள்ளிகளையும், சபாக்களையும், தொழிலாளர் போராட்டங்களையும் மறவாமல் குறிப்பர். ஆனால், 1950 முதல் 1975 வரையில் நம் இளைஞர் பலரின் உள்ளத்தை ஆட்கொண்ட ராக், பாப், பீட் இசையைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. அது நமக்குப் புறம்பானது என்ற எண்ணமே அதற்குக் காரணம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வானலையில் வந்த விருந்து

இவ்விசை நம் இல்லங்களுக்குள் நுழைந்த வழி வானொலியே ஆகும். 1952-இல் மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், மரபிசையை வளர்க்கும் நோக்குடன் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைப் பெரிதும் ஒதுக்கினார். மக்கள் செவிகள் ஓய்ந்திருக்குமா? அவை கடல் கடந்து இலங்கை வானொலியை நாடின. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயப் படையினருக்கென நிறுவப்பட்ட வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பி அந்நிலையத்துக்கு வாய்த்திருந்தமையால், கொழும்பின் குரல் பம்பாய் வரை தெளிவாக ஒலித்தது. அமீன் சயானி தொகுத்தளித்த பினாக்கா கீதமாலாவும், தமிழ்த் திரைப்பாடல்களும், மேனாட்டுப் பாடல்களும் அந்த ஒரே நிலையத்திலிருந்து வந்தன. நம் அரசு 1957-இல் விவித பாரதியைத் தொடங்கியது ஓரளவு இதன் விளைவே. மரபிசையைக் காக்க எழுந்த ஏற்பாடு, இளைஞரை ஜிம் ரீவ்சிடமும் கிளிஃப் ரிச்சர்டிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது வியப்பன்றோ!

வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் அது. வீட்டில் ஒரே பெட்டி. அதன் திருகு தந்தையார் கையில். அவர் அலுவலகத்திலிருந்து திரும்புமுன் கேட்டு முடிக்க வேண்டும் என்ற அச்சமே அவ்விசைக்குத் தனிச் சுவையூட்டியது என்பர் நம் முதியோர். அந்நியர் என்று நாம் எண்ணிய பாடகருள் இருவர் நம் மண்ணிலேயே பிறந்தவர் என்பதும் அறியத்தக்கது. கிளிஃப் ரிச்சர்ட் 1940-இல் லக்னோவில் பிறந்தவர். எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936-இல் நம் சென்னையில் பிறந்தவர்.

வானொலிக்கு அடுத்து இசைத்தட்டு. கல்கத்தாவையடுத்த டம்டம் நகரில் கிராமபோன் கம்பெனி 1928-இல் நிறுவிய ஆலையில், நம் வித்துவான்களின் தட்டுகளோடு பீட்டில்ஸ் தட்டுகளும் வார்க்கப்பட்டன. பம்பாயில் காலா கோடாப் பகுதியிலிருந்த ரிதம் ஹவுஸ் கடையில், தட்டை வாங்குமுன் கேட்டுப் பார்க்கச் சிறு அறைகள் இருந்தன. வாங்கக் காசில்லாத மாணவர் அவ்வறைகளில் ஒன்றிரண்டு பாடல்களைக் கேட்டுவிட்டு, வெறுங்கையுடன் நிறைந்த மனத்துடன் வெளியேறுவர்.

கேட்டவர் வாசித்தவராயினர்

கேட்பதோடு அவர்கள் அமையவில்லை. 1963-க்குப் பின் பீட்டில்ஸ் புகழ் உலகெங்கும் பரவவே, கிதார் ஏந்தியோர் மூவரும் டிரம் வாசிப்போன் ஒருவனும் சேர்ந்தால் ஒரு குழு என்ற நிலை நம் பெருநகரங்களில் உருவாயிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தமையால் மேனாட்டுக் கருவிகள் எளிதில் கிட்டா. உள்ளூர்த் தச்சர் கிதார் செய்தனர். வானொலி பழுது பார்ப்போர் ஒலிபெருக்கி அமைத்துத் தந்தனர். பாடலின் சொற்களை வானொலியைக் கேட்டுக் கேட்டே எழுதிக்கொண்டனர். பிழையாகக் கேட்ட சொற்களைப் பிழையாகவே மேடையிலும் பாடினர்.

பம்பாயில் சாவேஜஸ், கம்பஸ்டிபிள்ஸ் முதலிய குழுக்கள் பெயர்பெற்றன. 1965-இல் வெளிவந்த ‘கும்னாம்’ என்னும் இந்திப் படத்தில் டெட் லயன்ஸ் குழுவினர் தோன்றி ஆட்டுவித்த காட்சி, நாடெங்கும் இவ்விசையைக் கொண்டு சென்றது. 1966 ஜூலையில் பீட்டில்ஸ் குழுவினர் தில்லியில் இறங்கிச் சென்றனர். 1968-இல் ரிஷிகேசத்துக்கு வந்து தங்கினர். நாம் அவர்களை நோக்கிச் செவி சாய்த்த அதே வேளையில், அவர்கள் ரவிசங்கரின் சிதாரை நோக்கிச் செவி சாய்த்தனர்.

அதன் பின் சிம்லா என்னும் சிகரெட்டின் விளம்பரத்துக்காக அகில இந்திய பீட் போட்டிகள் நடைபெற்றன. 1970, 1971 ஆகிய ஆண்டுகளின் போட்டிக் குழுக்கள் பாடிய பாடல்கள் இரு நெடுந்தட்டுகளாக வெளிவந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ் முதலான குழுவினர் தாமே இயற்றிய பாடல்களும் அவற்றில் உள. புகையிலை விற்க எழுந்த முயற்சியே அவ்விளைஞரின் குரலை அழியாமற் காத்தது என்பதை எண்ணுங்கால் நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன.

சபா மண்டபத்தில் கிதார்

நம்மவர்க்கு மிக நெருங்கிய செய்தி இனித்தான் வருகிறது. கருநாடக இசையில் பேரன்பு பூண்ட பம்பாய்வாழ் தென்னாட்டவர் 1952-இல் ஷண்முகானந்த சபாவைத் தொடங்கி, 1963-இல் ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரத்தக்க பெருமண்டபத்தை எழுப்பினர். எம். எஸ். சுப்புலட்சுமி முதலிய மாமேதைகள் பாடிய அம்மண்டபத்திலேயே பீட் போட்டிகளும் நடந்தன. ஒரு வாரம் தந்தையார் வேட்டியும் அங்கவஸ்திரமுமாய்க் கச்சேரிக்குச் சென்ற அதே வாயில் வழியே, மறு வாரம் மைந்தன் நீண்ட முடியும் இறுகிய காற்சட்டையுமாய்ச் சென்றான். தந்தையார் கட்டிய கூரையின் கீழேதான் மைந்தன் தன் இசையைக் கேட்டான் என்பதை இருவருமே அன்று உணர்ந்திலர். 1990-இல் தீக்கிரையான அம்மண்டபம் புதுப்பிக்கப்பெற்று 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கு ஒலித்த கிதாரின் நினைவுக்கோ புதுப்பிப்பார் இலர்.

இத்துறையில் தமிழர் பங்கும் சிறிதன்று. 1947-இல் பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா ஐயர், பின்னர் உஷா உதூப் எனப் பெயர் விளங்கியவர், பட்டுப் புடவையும் பெரிய பொட்டுமாய்ச் சென்னை மவுண்ட் ரோடு விடுதியிலும், கல்கத்தா டிரின்காஸ் விடுதியிலும் மேனாட்டுப் பாடல்களைப் பாடினார். பாரத அரசு அவருக்கு 2011-இல் பத்மஸ்ரீ விருதும், 2024-இல் பத்மபூஷண் விருதும் அளித்தது. சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம், ஹியூமன் பாண்டேஜ் என்னும் ராக் குழுவில் டிரம் வாசித்துப் புகழ் பெற்றபின், நம் தவிலைக் கற்று அதனை ஐரோப்பிய மேடைகளில் ஏற்றினார். மேனாட்டுத் தாளம் அவரை நம் தாளத்தினின்று பிரிக்கவில்லை. சுற்றி வந்து அதனிடமே சேர்த்தது.

புறம்பானதா?

இவ்விசை நமக்குப் புறம்பானது என்ற கூற்றுக்கு நம் சங்கீத வரலாறே விடை கூறும். இன்று வயலின் இன்றிக் கச்சேரி உண்டோ? மேனாட்டார் கருவியாகிய அதனைச் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று நம் இசைக்கு உரியதாக்கியவர் பாலுசாமி தீட்சிதர். அவர் தமையனாராகிய முத்துசாமி தீட்சிதரோ, ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தில் ஒலித்த மெட்டுகளுக்கு வடமொழிச் சொல் அமைத்து, ஏறத்தாழ நாற்பது நோட்டு சாகித்தியங்களை அருளினார். மும்மூர்த்திகளுள் ஒருவரே அந்நிய மெட்டைச் செவிமடுக்கத் தயங்கவில்லையெனின், மாதுங்காச் சிறுவன் செவிமடுத்தது குற்றமாகுமோ?

இவ்வாறு கூறுவதால் அக்காலம் பொற்காலம் என்றோ, இன்றைய இசை தாழ்ந்தது என்றோ கொள்ளற்க. அன்றைய குழுக்களுட் பல பிறர் பாடலைப் படியெடுத்ததன்றி வேறு செய்யவில்லை. பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளிற் கலைந்தன. வாசித்தோர் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் பணியேற்றுக் கிதாரைப் பரண்மேல் வைத்தனர். 1972-இல் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளாண்டும் கொலாபாவிலுள்ள ஸ்லிப் டிஸ்க் விடுதியில் வாசித்த இரவே அக்காலத்தின் உச்சி. அதன்பின் ஆரவாரம் மெல்ல அடங்கியது. அவ்விளைஞர் விரும்பிப் படித்த ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ ஏடு 1977-இல் நின்றது. ரிதம் ஹவுஸும் 2016-இல் மூடப்பட்டது.

எஞ்சியிருப்பது நினைவு ஒன்றே. 1970-இல் பதினெட்டு வயதினராயிருந்தோர் இன்று எழுபது கடந்துவிட்டனர். இசைத்தட்டில் இடம்பெறாத குழுக்களின் பெயர்கள் அவர்தம் நாவில் மட்டுமே வாழ்கின்றன. ஆதலின் அன்பர்களுக்கு இரு வேண்டுகோள் விடுக்க விழைகிறோம். பரண்மேல் பழைய புகைப்படமோ, நுழைவுச் சீட்டோ, கீறல் விழுந்த தட்டோ வைத்திருப்போர் அவற்றை எறிந்துவிடாது, யார், எங்கு, எந்த ஆண்டு என்ற குறிப்புகளை எழுதி வையுங்கள். நம் சங்கத்தினர் அவற்றைத் திரட்டிப் போற்றுவாராக. மற்றொன்று: இன்று இல்லந்தோறும் காதிற் கருவி செருகி அமர்ந்திருக்கும் பேரனை ‘என்ன இரைச்சல்!’ என்று கடியுமுன், அவன் கேட்கும் பாடல் ஒன்றை அவனருகே அமர்ந்து முழுமையாகக் கேளுங்கள். நம் தந்தையார் நமக்குச் செய்யாது விட்ட அச்சிறு நன்மையை நாம் அவனுக்குச் செய்தல் நன்று.