மண்ணெண்ணெயில் ஓடிய பெற்றோல் இயந்திரங்கள்: கண்டாவளைப் பகுதியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குளங்களையும் குடியேற்றங்களையும் போர்களையும் பற்றி நிறைய எழுதியுள்ளனர். அந்நிலத்தில் ஓடிய இயந்திரங்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டது முதல் 2002 சனவரியில் பொருளாதாரத் தடை நீக்கப்படும் வரை, வடபகுதி மக்களுக்குப் பெற்றோல் எட்டாப் பொருளாயிற்று. மண்ணெண்ணெயோ கட்டுப்பாட்டுடன் ஓரளவு கிடைத்து வந்தது. ஆகவே, பெற்றோலுக்கென அமைக்கப்பட்ட கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தலைப்பட்டன. தட்டுப்பாடு மக்களை அதற்குத் தூண்டியது என்று கூறி அமைவது எளிது. ஆயின், அது எவ்வாறு இயலுமாயிற்று, எவ்வகை இயந்திரங்கள் தாக்குப்பிடித்தன என்னும் வினாக்களுக்கு விடை காண ஒக்டேன் எண்ணின் துணை வேண்டும்.

பெற்றோல் இயந்திரத்தின் உருளையினுள் எரிபொருளாவியும் வளியும் கலந்து நெருக்கப்படுகின்றன. அக்கலவை பிளக்கின் பொறி பட்டே எரிதல் வேண்டும். பொறியிலிருந்து கிளம்பும் சுவாலை முறையாகப் பரவுதல் வேண்டும். சுவாலை சென்றடையுமுன் எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் தானே வெடிக்குமாயின், முசலத்தின் தலையில் சுத்தியலால் அடித்தாற்போன்ற ஓசை எழும். இதனையே நம்மவர் 'நொக்' அடித்தல் என்பர். இவ்வாறு தானே வெடிக்காது பொறுக்கும் ஆற்றலின் அளவே ஒக்டேன் எண். ஐசோ-ஒக்டேனுக்கு 100 என்றும் ஹெப்டேனுக்குச் சுழியம் என்றும் கொள்ளும் இவ்வளவுகோலை அமெரிக்க இரசாயனவியலாளர் கிரஹாம் எட்கார் 1920களின் பிற்பகுதியில் வகுத்தார். இன்று இலங்கையில் விற்கப்படும் சாதாரண பெற்றோல் 92. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 20.

ஒக்டேன் எண் உயர்ந்தால் வலு தானே உயரும் என எண்ணுதல் தவறு. உயர்ந்த எண் இயந்திரத்தை அமைப்போனுக்கு ஓர் அனுமதியையே வழங்குகிறது: கலவையை மேலும் நெருக்கலாம், பொறியைச் சற்று முந்தி விடலாம். வலு அவற்றாலேயே வருகிறது. ஏட்டுக் கணக்கின்படி, நெருக்கல் விகிதம் 8 ஆகவுள்ள இலட்சிய இயந்திரம் வெப்பத்தில் 56 வீதத்தை வேலையாக்கும். விகிதம் 5 ஆயின் 47 வீதமே.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. நொக் பற்றிய ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலானவற்றுள் மண்ணெண்ணெயும் ஒன்று. அமெரிக்கக் கமங்களில் மின்னொளி தரவென விற்கப்பட்ட டெல்கோ இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகையில் கடுமையாக அடித்தன. காரணம் தேடிய தோமஸ் மிட்ஜ்லி, எண்ணெய்க்குச் செந்நிறம் ஊட்டினால் அது வெப்பத்தை விரைவில் உறிஞ்சி முன்னரே ஆவியாகும் எனக் கருதி 1916 இல் அயடீனைக் கலந்து பார்த்தார். அடிப்பு நின்றது; ஆனால் காரணம் நிறமன்று, அயடீனே. அவ்வழியே சென்று 1921 இல் ஈயச் சேர்வையைக் கண்டார். அது காற்றில் கலந்த நஞ்சை உலகம் பல பத்தாண்டுகள் சுவாசித்தது; இலங்கை 2002 இலேயே ஈயம் கலந்த பெற்றோலைக் கைவிட்டது.

கண்டாவளை ஆனையிறவுக் கடனீரேரிக்குத் தெற்கே, பரந்தன்–முல்லைத்தீவு வீதியை அண்டிய நெல்விளை பூமி. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், விசுவமடு முதலிய அயலூர்களின் மேட்டு நிலங்களில் மிளகாய்ச் செய்கை செழித்தது. அச்செய்கைக்கு ஆதாரமாயிருந்தது நீரிறைக்கும் இயந்திரம். அது குறைந்த நெருக்கல் விகிதத்துடன் மண்ணெண்ணெய்க்கெனவே அமைக்கப்பட்டது. சிறிது பெற்றோலில் தொடக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும். ஆகவே தடைக்காலத்துக் கார்ச் சாரதி கைக்கொண்ட முறை புதியதன்று. தோட்டக் கிணற்றடியில் கமக்காரன் பல்லாண்டு பழகிய முறையே வீதிக்கு வந்தது என்பதே எமது துணிபு.

கார்களின் வரலாறு இதனினும் சுவையானது. வடபகுதியில் நெடுங்காலம் நிலைத்தவை ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய பழைய ஆங்கிலக் கார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் 1953 வரையிலும் பிரித்தானியாவில் கிடைத்தது ஏறத்தாழ 70 ஒக்டேன் கொண்ட பொதுப் பெற்றோலே. அக்காலத்துக் கார்கள் அதற்கேற்பவே அமைந்தன; ஒஸ்ரின் ஏ40 இன் நெருக்கல் விகிதம் 7.2 மாத்திரமே. ஒரு நாட்டின் போர்க்காலத் தட்டுப்பாடு வகுத்த இயந்திரம், நாற்பதாண்டு கழித்து இன்னொரு நாட்டின் போர்க்காலத் தட்டுப்பாட்டில் உயிர் தரித்தது.

எனினும் 7.2 என்பதும் மண்ணெண்ணெய்க்கு மிகையே. இதற்குப் பரிகாரங்கள் உண்டு. உருளைத் தலையின் கீழ் மேலுமொரு கஸ்கற் இட்டு நெருக்கலைக் குறைக்கலாம். டிஸ்ரிபியூற்றரைத் திருப்பிப் பொறியைப் பிந்தச் செய்யலாம். உள்ளிழுக்கும் குழாயைப் புகைபோக்கியின் வெப்பத்தால் சூடாக்கி எண்ணெயை ஆவியாக்கலாம். இவை ஒவ்வொன்றும் வலுவில் ஒரு பங்கை விழுங்கும். சூடான வளி அடர்த்தி குன்றியது. பிந்திய பொறி வெப்பத்தைப் புகைபோக்கிக்கே தாரை வார்க்கும். இவற்றோடு முடிவதுமில்லை. ஆவியாகாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே கசிந்து கீழேயுள்ள எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். பின்னால் வருவோர் வெண்புகையில் கண்ணெரிந்து வருவர்.

ஒருபாதி வாயுவில் மெல்லச் செலுத்தின் உருளையின் அமுக்கம் தாழ்ந்தே நிற்கும், அடிப்பும் அடங்கும். கண்டாவளைச் சமவெளி அதற்கு இடந்தந்தது. அதே காரைக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏற்ற முயன்றிருப்பின் பாதி வழியிலேயே நின்றிருக்கும். மண்ணெண்ணெய்ப் பயணத்தைப் புகழ்வோர் நிலத்தின் இவ்வுதவியை மறந்துவிடுகின்றனர்.

சிறிய ஹொண்டா மோட்டார் சைக்கிள்களின் நெருக்கல் விகிதம் எட்டுக்கும் மேல். அவையும் ஓடியது எவ்வாறு எனின், அவற்றின் உருளை விட்டம் ஏறத்தாழ 50 மில்லிமீற்றரே. சுவாலை கடக்க வேண்டிய தூரம் சிறிது. எஞ்சிய கலவை தானே வெடிக்குமுன் சுவாலை அதனை எட்டிவிடுகிறது. உழவு இயந்திரத்தின் நிலையோ நேர்மாறானது. டீசல் இயந்திரத்தில் எரிபொருள் தானே தீப்பற்றுதல் வேண்டும். பெற்றோல் இயந்திரத்தில் மண்ணெண்ணெய்க்குக் குற்றமாவது இங்கே குணமாகிறது. அங்கு குறைபட்டது பம்பிக்கு வேண்டிய வழுவழுப்பே. அதனைச் சிறிது எண்ணெய் கலந்து ஈடு செய்யலாம்.

2002 ஏப்ரலில் கண்டி வீதி திறக்கப்பட்டது. பெற்றோலும் வந்தது. ஆனால் மண்ணெண்ணெய்க்கெனத் தாழ்த்தப்பட்ட இயந்திரத்துக்குப் பெற்றோலை வார்த்த மாத்திரத்தில் பழைய வலு மீளாது. மேலதிக கஸ்கற்றைக் கழற்றி, பொறியை மீண்டும் முந்தச் செய்து, கரியைச் சுரண்டி, தேய்ந்த வளையங்களை மாற்றிய பின்னரே அது மீளும். அதற்குள் தென்னிலங்கையிலிருந்து புதிய மோட்டார் சைக்கிள்கள் வந்து நிறைந்தமையால், பழைய கார்கள் பலவற்றுக்கு அவ்வேலையைச் செய்விக்கும் தேவையே எழவில்லை.