ஆரோக்கியவரமும் வீட்டு மருத்துவமும்

பாகாலாவிலிருந்து தர்மாவரம் செல்லும் இருப்புப் பாதையில் மதனப்பள்ளி ரோடு என்றொரு நிலையம் உண்டு. மதனப்பள்ளிக்கு அருகே உள்ளது ஆரோக்கியவரம். கிறிஸ்தவ மிஷன்கள் பல ஒன்றுகூடி நிறுவிய காசநோய் ஸானடோரியம் அங்கே 1915ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் பிரிமாட் மோலர் அதன் முதல் தலைவர். மதனப்பள்ளி அப்போது சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது.

தக்க மருந்து காணாத அக்காலத்தில் ஓய்வு, தூய காற்று, சத்துணவு ஆகியவையே முதன்மையான சிகிச்சை. ஒரு நோயாளி பல மாதங்கள் தங்கியிருத்தல் வேண்டும். அவர் எழுந்து சென்றால்தான் அடுத்தவருக்குக் கட்டில் கிடைக்கும். சம்பாதிப்பவரே படுத்துவிட்டால் குடும்பத்தின் கதி என்ன?

1955 முதல் 1958 வரை நாட்டின் பல பகுதிகளில் நடந்த கணக்கெடுப்பு, ஆயிரம் பேரில் 2 முதல் 8 பேர் வரை கபத்தில் கிருமியுடையோர் என்று காட்டியது. நகரங்களைப் போலவே கிராமங்களிலும் நோய் பரவியிருந்தது. இத்தனை பேருக்கும் கட்டில் போடுவது எளிதோ?

இவ்வினாவுக்கு விடை கண்டது சென்னை. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் ஸானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தனர். மற்றவர் நெருக்கமான தத்தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளே தரப்பட்டன. வீட்டிலிருந்தோர் வாரந்தோறும் வந்து மருந்து பெற்றனர். ஊழியர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர். 1959இல் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டு மருத்துவத்தால் உடனுறைந்தோருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை.

1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் இவ்வழியையே பின்பற்றியது. கட்டில், அது இன்றியமையாதவர்க்கு. ஏனையோர்க்கு வீடும் மருந்தும். நோயாளர் பெருகுமிடத்துக் கட்டடம் பெருக்குவதொன்றே வழியன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

ஆயினும் வீட்டு மருத்துவத்தின் வெற்றி மருத்துவர் கையில் மட்டும் இல்லை. இன்று சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதங்களில் முடிகிறது. அரசு மருத்துவ நிலையங்களில் மருந்து இலவசம். இருமல் தணிந்ததென்று இடையில் நிறுத்தினாலோ, நோய் மீண்டும் தலைதூக்கும். மருந்துக்கும் அடங்காது போகலாம். அண்டை வீட்டாரின் ஏச்சுக்கு அஞ்சி நோயை மறைப்போரும் உளர். ஆதலின், சங்கக் குடும்பத்தினரே! நம் காலனியில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் ஒதுக்காதீர். மருந்தை முழுமையும் உண்டு முடிக்கத் துணை நில்லுங்கள்.