31 நாளில் ஒரு புத்தகம்

ஐம்பது பிரதி வேண்டுமா, நூறு வேண்டுமா, எவ்வளவு குறைவாக இருந்தாலும் அச்சிட்டுத் தருகிறோம் என்று இன்றைக்கு அச்சகங்கள் பதிப்பாளர்களைக் கூப்பிடுகின்றன. டிஜிற்றல் இயந்திரம் தந்த வசதி இது. ஆனால் சில நூறு பிரதிகளுக்காக எழுத்து அடுக்கி, படம் சேர்த்து, பிழை திருத்தி, கட்டி, சொன்ன நாளில் கையில் கொடுக்கும் தொழில் யாழ்ப்பாணத்தில் அந்த இயந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றிவிட்டது. அதை வளர்த்ததில் பெரும் பங்கு செத்தவீட்டுக் கல்வெட்டுக்கு உண்டு.

எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் கண்மூடினால் 31ஆம் நாளை ஒட்டி அந்தியேட்டி. கீரிமலைக்குப் போய்க் கடலாடிக் கிரியை முடிப்பார்கள். பிறகு வீட்டுக்கிருத்தியம், மதியச் சாப்பாடு. சாப்பிட்டு எழும்புகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்படும். நினைவு மலர் என்று அட்டையில் இருக்கும். கல்வெட்டு என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். முதலில் இறந்தவரின் படம், இறந்த வருடம், மாதம், திதி எல்லாம் அடங்கிய திதி வெண்பா. அடுத்து வாழ்க்கைக் குறிப்பு, மனைவி மக்கள் புலம்பல், தேவார திருவாசகம், வம்சாவளி. கடைசியில் நன்றி நவிலல்.

இறந்தவரைப் பாடும் சரமகவி ஏட்டுக் காலத்துச் சொத்து. அது அச்சுக்கு வருவதற்கு யாழ்ப்பாணம் காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க மிஷனுக்காக 1820இல் ஜேம்ஸ் கரெட் என்ற அச்சாளர் வந்திறங்கினார். அப்போது ஆளுநர் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பான்ஸ் அவரைத் தங்க விடவில்லை. நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். மிஷன் அச்சகம் மானிப்பாயில் 1834இல்தான் நிலைகொண்டது. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை வெளிவந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் சதாசிவபிள்ளை என்பவரோடு சென்னைக்குப் போய் அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் வித்தியானுபாலன யந்திரசாலையை நிறுவினார். மிஷனுக்கும் சைவருக்கும் இடையிலான சமயப் போட்டியில் பிறந்த அச்சு இப்படி ஊரவர் கைக்கு வந்தது. ஊரவர் கைக்கு வந்த பிறகு, அது ஊரவர் துக்கத்துக்கும் உதவியது.

அச்சுக்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த எங்கள் தீவுப்பக்கத்துக்கும் ஓர் உறவு உண்டு. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள்தான் தமிழின் முதல் அச்சு நூல்களை உலக நூலகங்களில் தேடி அவற்றைப் பற்றி எழுதியவர். அவற்றுள் ஒன்று 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான அந்த முதல் நூலுக்குப் பதினாறே பக்கம். மெல்லிய புத்தகம் என்று நினைவு மலரை ஒதுக்குகிறவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

ஈய எழுத்துக் காலத்தில் சிறு அச்சகம் ஒன்றில் வேலை நடந்த விதத்தைப் பார்த்தால் இந்தத் தொழிலின் அருமை விளங்கும். தமிழுக்கு எழுத்துருக்கள் அதிகம். சிறிய அச்சகத்தில் ஒவ்வொரு எழுத்தும் போதிய அளவில் இராது. முழுப் புத்தகத்தையும் ஒரேயடியாக அடுக்கிவைக்க முடியாது. நாலு பக்கமோ எட்டுப் பக்கமோ அடுக்கி, புறூவ் எடுத்துத் திருத்தி, வேண்டிய அளவு தாளை அச்சடித்து, எழுத்துக்களைப் பிரித்து மறுபடியும் அறைப்பெட்டியில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த பக்கங்கள். படத்துக்குத் தனியாக பிளாக் செய்விக்க வேண்டும். எழுத்து பிரிந்துவிட்டால் அந்தப் பக்கம் போனது போனதுதான். பிறகு யாராவது இன்னும் ஐம்பது பிரதி கேட்டால் முதலிலிருந்து அடுக்க வேண்டும். கூலியில் பெரும்பகுதி அடுக்குவதற்கே போகும். ஆயிரம் பிரதி அடித்தாலும் இருநூறு அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். அதனால் பிரதிக்கான விலை ஏறும். துக்க வீட்டார் விலை பார்க்கவில்லை, நாளைத்தான் பார்த்தார்கள். விற்பனைக் கவலை இல்லாத, முழுக்காசும் வந்துசேர்கிற, வருடம் முழுவதும் நிற்காத வேலை இது. சிறு அச்சகங்கள் இதில் கால் ஊன்றித்தான் கவிதைத் தொகுதிகளையும் சிறுகதைத் தொகுதிகளையும் முந்நூறு, ஐந்நூறு என்று அச்சிட்டுக் கொடுத்தன என்பது என் கணிப்பு.

தீவுப்பக்கத்து அனலைதீவுக்காரருக்கு இந்த முப்பது நாளில் கடலும் ஒரு பங்கு கேட்கும். எழுதிய தாள்கள் படகில் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து வேலணை, பண்ணைப் பாலம் கடந்து பட்டினம் சேர வேண்டும். புறூவ் பார்க்க ஒருவர் போய்வர வேண்டும். ஒரு பெயர் விடுபட்டாலும், முறை மாறினாலும் உறவில் மனக்கசப்பு வரும் என்பதால் வம்சாவளிப் பக்கத்தை இரண்டு மூன்று பேர் பார்ப்பார்கள். முடிந்த கட்டுக்களைத் தண்ணீர் படாமல் பொலித்தீனில் சுற்றி ஏற்றி வர வேண்டும். காற்றுக் கடுமையான நாளில் படகு ஓடாது. அந்தியேட்டியோ நாள் மாறாது.

1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குப் போனதும் ஊர்கள் சிதறின. யாழ்ப்பாணத்துக்குள் பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் வரவில்லை. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்த காலம் அது. அனலைதீவுச் சனம் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போனது. கல்வெட்டும் கூடவே போனது. கணினியும் பாமினி எழுத்துருவும் வந்தபின் எழுத்துப் பிரிக்கும் கட்டாயம் ஒழிந்தது. டிஜிற்றல் அச்சுக்கு அச்சுத் தகடான பிளேற்றும் வேண்டாம். இறந்தவர் ஊரில், மகன் கனடாவில், மகள் பிரான்சில் என்றால் ஒரே கோப்பு மூன்று நாட்டிலும் தேவையான அளவில் அச்சாகிறது. பழைய கல்வெட்டில் இருந்த வம்சாவளியை எடுத்து, புதிதாகப் பிறந்த பிள்ளைகளைச் சேர்த்து, அடுத்த கல்வெட்டில் போடுகிறார்கள்.

சில குடும்பங்கள் இதை இன்னும் மேலே கொண்டுபோயின. இறந்தவர் எழுதிவைத்ததையோ, கிடைக்காமல் போன பழைய நூல் ஒன்றையோ நினைவு வெளியீடாக அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தன. எந்தப் பதிப்பாளரும் காசு போடத் தயங்கும் நூல்கள் அவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஆனால், இப்படி முந்நூறு வீடுகளுக்குப் பிரிந்துபோன புத்தகத்தை ஒரே இரவில் எரிக்க முடியாது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம் கல்வெட்டுக்களையும் நூல்களாக மதித்துத் தேடி மின்வருடி, நினைவு மலர்கள் என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் குடிபெயர்வு, கல்யாண உறவு, தொழில், பழைய காணிப்பெயர் எல்லாவற்றையும் அங்கே தேடுகிறார்கள்.

எனக்கு இதில் ஒரேயொரு ஆதங்கம் உண்டு. பல கல்வெட்டுக்களில் அச்சகத்தின் பெயர் இராது, அச்சான ஊரும் எத்தனை பிரதி என்பதும் இரா. குடும்பத்தாருக்குத் துக்கத்தில் அது நினைவுக்கு வராது. அச்சகத்தாரே பின்னட்டையின் உட்பக்கத்தில் இந்த மூன்றையும் ஒரு வரியில் போட்டு, வீட்டாரைக் கேட்டு, ஒரு பிரதியை அந்த இணைய நூலகத்துக்கு அனுப்பினால் போதும்.