கல், ஓலை, ஈயம், திரை: தமிழ் எழுத்துருவை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அவலூர்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகள் இந்த வருஷம் டிசைன் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். முதல் பருவத்திலேயே டைப்போகிராபி என்று ஒரு பாடம். "மாமா, பாடம் பூரா ஏ, பி, சி, டி தான். தமிழுக்கு எங்க இருந்து ஆரம்பிக்கிறது?" என்று போனில் கேட்டாள். நான் டிசைனர் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் தமிழ் அச்சு வரலாறு பற்றிப் பல வருஷமாகக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

என் பதில் இதுதான்: ஒரு எழுத்தின் வடிவத்தில் எது மொழிக்கு வேண்டியது, எது அந்தக் காலத்துக் கருவி விட்டுப்போன தழும்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அது தெரியாமல் எழுத்துரு வரைந்தால் தழும்பையும் அழகு என்று நினைத்து நகல் எடுத்துக்கொண்டிருப்போம்.

கல்லும் ஓலையும்

தொடங்க வேண்டிய இடம் அவள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரம் அருகில் திருநாதர்குன்று. 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் அதே குன்றில்தான் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதைச் சொல்லும் சின்னக் கல்வெட்டு இருக்கிறது. தமிழ் பிராமி வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து அது. இன்றைய தமிழ் மட்டுமே தெரிந்தவருக்குப் படிக்க வராது. மொழி தமிழ்தான், ஆனால் எழுத்தின் உருவம் வேறு. மொழியும் எழுத்தும் ஒன்றல்ல என்ற முதல் பாடம் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது ஓலை. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும். அதனால் சுவடி எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இதன் விளைவு சாதாரணமானது இல்லை. குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. அந்தப் புள்ளி போனதும் 'எரி'யும் 'ஏரி'யும் ஓலையில் ஒன்றாகிவிட்டன. காலும் ரகரமும் ஒரே கோடு என்பதால் 'கா'வும் 'கர'வும் ஒன்றுபோலத் தெரிந்தன. இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

இதில் ஒரு பகுதியைச் சரிசெய்தவர் வீரமாமுனிவர் (1680–1747). இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார். புள்ளியைத் திரும்பக் கொண்டுவராமல் நெடிலின் உருவத்தை மாற்றினார். ஏகாரத்துக்குக் கீழே ஒரு கால், ஓகாரத்துக்கு ஒரு சுழி, 'கே' போன்றவற்றுக்கு இரட்டைக் கொம்பு. இன்று நாம் ரொம்பப் பழசு என்று நினைக்கும் 'ஏ' வடிவம் சுமார் 300 வருஷத்துக்கு முன் யோசித்துச் செய்த ஒரு வடிவமைப்பு முடிவு.

ஈயம்

1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அண்டிரிக் அடிகளார் தமிழில் ஆக்கிய, 16 பக்கமே உள்ள புத்தகம். அந்த அச்சில் புள்ளி இல்லை. ஈயத்தில் புள்ளி வைக்க எந்தத் தடையும் கிடையாது, எதுவும் கிழியப் போவதில்லை. இருந்தும் ஓலையில் பார்த்ததை அப்படியே வார்த்தார்கள். புதுக் கருவி வந்ததும் பழைய கருவியின் பழக்கம் கூடவே வந்துவிடுகிறது. சாஃப்ட்வேரிலும் இதைத் தினமும் பார்க்கிறேன்.

அடுத்து தரங்கம்பாடி. சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் 1713-ல் அங்கே வேலை செய்யத் தொடங்கின. அவை அளவில் பெரியவை. அதில் புதிய ஏற்பாடு அச்சிட்டால் காகிதம் கட்டுப்படி ஆகாது. அதனால் அங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். சீஸ் டப்பாக்களின் ஈய மூடிகளை அதற்கு உருக்கினார்கள் என்று சொல்வார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முடிந்தது. எழுத்தின் அளவு இங்கே ரசனையால் முடிவாகவில்லை, காகிதத்தின் விலையால் முடிவானது.

இந்தக் கதையில் எங்கள் பக்கத்துப் போர் ஒன்றும் வருகிறது. 1761 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி, அயர் கூட்டின் ஆங்கிலப் படையிடம் விழுந்தது. ஏப்ரலில் செஞ்சிக்கோட்டையும் கைமாறியது. புதுச்சேரியில் பிடிபட்ட அச்சு இயந்திரம் சென்னைக்குப் போய், வேப்பேரியில் இருந்த பாப்ரிசியஸ் கைக்கு வந்தது. கம்பெனி வேலை இருந்தால் அதை முதலில் அச்சடித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. 1779-ல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி வேப்பேரியில்தான் அச்சானது. செஞ்சி என்றால் நமக்கு ராஜா தேசிங்குதான் நினைவுக்கு வருவார். அந்தக் கோட்டை கடைசியாக ஐரோப்பியர் கை மாறிய அதே போரில்தான் சென்னை ஒரு அச்சகத்தைப் பெற்றது.

1862-ல் வந்த வின்சுலோ அகராதியில் 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள். அவ்வளவையும் ஒரே தொகுதிக்குள் அடக்கச் சின்ன அளவிலும் தெளிவாக இருக்கும் எழுத்து வேண்டும். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அதைச் செய்து காட்டினார்.

கம்பாசிட்டரின் கணக்கு

அச்சுக்கோப்பவர் முன்னால் இருந்த பெட்டியில் எத்தனை வகை எழுத்து இருந்திருக்கும்? கிரந்தத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவோம். உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18. இகர, ஈகார வரிசை 36. உகர, ஊகார வரிசை 36. இதுவே 121. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு சேர்த்தால் 125.

1978-ல் தமிழக அரசு ஆணை 13 எழுத்துகளை மாற்றியது. 1935-லிருந்து பெரியார் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தின் ஒரு பகுதி அது. ணா, றா, னா மூன்று. ணை, லை, ளை, னை நான்கு. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறு. கடைசி ஆறும் கொம்போடு பழைய 'ணா', 'றா', 'னா' வடிவங்களைச் சேர்த்துக் கோத்தவைதான். ஆகப் பெட்டியிலிருந்து உண்மையில் போனது 7 அச்சு மட்டுமே. படிப்பவருக்கு 13, கம்பாசிட்டருக்கு 7. ஒரே மாற்றத்தை யார் பக்கம் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கையே மாறுகிறது.

திரை

'கொ' என்று கோக்க கம்பாசிட்டர் முதலில் கொம்பை எடுப்பார், அப்புறம் 'க', அப்புறம் கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. பழைய கணினி எழுத்துருக்களும் அப்படியே சேமித்தன. 1991-ல் வந்த யுனிகோட் இதைத் திருப்பிப் போட்டது: முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்துருவின் வேலை, அதைக் காட்டும் மென்பொருளின் வேலை. சில போஸ்டர்களில் கொம்பு தனியாக, ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மென்பொருளுக்கு இந்த வேலை தெரியவில்லை என்று அர்த்தம்.

இனி மாணவர்களுக்கு உடனே உதவக்கூடிய மூன்று விஷயங்கள். ஒன்று, வரி இடைவெளி. 'பு', 'யு' கீழே நீளும். 'மீ' மேலே சுழியும். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியை அப்படியே விட்டால் மேல் வரியின் கால் கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும். இரண்டு, சொல் நீளம். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது ஒரே சொல். குறுகிய பத்தியில் இரண்டு ஓரமும் சமமாக வைத்தால் நடுவில் ஓட்டை விழும். மூன்று, தடித்த எழுத்து. 'ண', 'ஞ' போன்றவற்றில் உள்சுழி அடைத்துக்கொள்ளும். ஒரே பத்தியை ஐந்து எழுத்துருவில் அச்செடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள், மூன்றும் தானாகத் தெரியும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. சின்ன ஊர் அச்சகங்களின் ஈய எழுத்துகள் பெரும்பாலும் எடைக்குப் போய் உருகிவிட்டன. மிச்சம் இருப்பது அவை காகிதத்தில் விட்டுப்போன தடம்தான். உங்கள் வீட்டுப் பரணில் 1978-க்கு முந்தைய கல்யாணப் பத்திரிகையோ, கோயில் திருவிழா நோட்டீஸோ, பாடப் புத்தகமோ கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, ஊரும் வருஷமும் குறித்து வையுங்கள். தமிழ் எழுத்துருவுக்கு முழுமையான பாடப்புத்தகம் எழுத உட்காரும் ஒருவருக்கு அது கட்டாயம் தேவைப்படும்.