உலைக்களத்திலிருந்து வீட்டுப் பட்டறைக்கு

இரும்பை இரும்போடு பிரிக்க முடியாதபடி ஒன்றாக்குவது மனிதன் பயின்ற பழமையான தொழில்களுள் ஒன்று. நெடுங்காலம் கொல்லருக்கும், பின்னர்ப் பெருந்தொழிற்சாலைகளுக்கும் மட்டுமே உரியதாயிருந்த இக்கலை இன்று வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்டது. ஐந்தாறு கிலோகிராம் எடையே உள்ள பற்றவைப்பு யந்திரத்தைக் கடையில் வாங்கி, தோட்டக் கதவும் பூந்தொட்டித் தாங்கியும் தாமே செய்து மகிழ்வோர் பலர். எந்த யந்திரத்தை வாங்குவது, எவ்வாறு உபயோகிப்பது என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. இக்கேள்விக்கு விலைப்பட்டியலைவிட வரலாறே தெளிவான விடை தரும் என்பது நம் கருத்து.

காய்ந்த இரும்புக்குக் காற்றே முதற் பகை. செம்மையாகக் காய்ந்த இரும்பைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் உடனே பற்றி, அதன்மேல் ஒரு படலத்தை உண்டாக்கிவிடும். உருகிய இரும்பில் நைட்ரஜனும் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். படலம் இடையே நின்றால் இரு துண்டுகள் ஒட்டியதுபோல் தோன்றுமேயன்றி ஒன்றாகா. ஆகவே, பற்றவைப்பின் சரித்திரத்தைக் காய்ந்த உலோகத்தைக் காற்றினின்றும் காத்த சரித்திரம் என்றே கூறலாம்.

பழங்காலக் கொல்லர் இதற்குக் கண்ட வழி எளியது. இரு துண்டுகளையும் உலையில் வெண்மையாகக் காய்ச்சி, மணலைத் தூவுவர். மணல் அப்படலத்தோடு சேர்ந்து உருகிக் கண்ணாடி போன்ற கசடாகும். பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது கசடு பிதுங்கி வெளியேற, தூய இரும்பும் தூய இரும்பும் சேரும். இம்முறையின் பெருமைக்குத் தில்லியின் மெஹ்ரோலியில் நிற்கும் இரும்புத் தூண் சான்றாகும். ஏழு மீட்டருக்கு மேல் உயரமும், ஆறு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட அத்தூண் ஒரே வார்ப்பன்று. பல இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது. அதன் கல்வெட்டில் வரும் சந்திரன் என்னும் அரசன் குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பது அறிஞர் பலரின் முடிவு. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக அது துருவுக்கு இரையாகாமல் நிற்பதற்கு அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ் துணை செய்கிறது என்பதைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார்.

19ஆம் நூற்றாண்டில் மின்சாரம் உலையின் இடத்தைப் பிடித்தது. இரு முனைகளுக்கிடையே மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாயும்போது எழும் பேரொளியே மின்வில். ரஷ்யாவைச் சேர்ந்த பெனார்தோஸ் என்பவர் ஒல்ஷெவ்ஸ்கி என்பவருடன் சேர்ந்து, கரிக்கோலால் மின்வில் எழுப்பி உலோகத்தை உருக்கும் முறைக்கு 1885இல் உரிமம் பெற்றார். 1888இல் ஸ்லாவ்யானோவ் கரிக்கோலுக்குப் பதிலாக உலோகக் கம்பியையே வைத்தார். கம்பி தானும் உருகி இணைப்பை நிரப்பியது. எனினும் உருகிய துளி காற்றின் வழியே சென்றதால் இணைப்பு நுண்துளைகள் நிறைந்து, எளிதில் முறிந்தது. சம்மட்டி போயிற்று, சம்மட்டியோடு கசடை வெளியேற்றும் வழியும் போயிற்று.

இக்குறையைத் தீர்த்தவர் ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் கெல்பெர்க். கப்பல் கொதிகலன்களைப் பழுதுபார்த்து வந்த அவர், 1904இல் கோத்தன்பர்க் நகரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். கம்பியின்மேல் கனிமப் பொருள்களைப் பூசும் முறை அவருடையது. அப்பூச்சு எரிந்து வாயுவாகி உருகிய உலோகத்தைச் சூழ்ந்து காத்தது. மீதி கசடாகி மேலே மூடிக்கொண்டது. கொல்லன் தூவிய மணல் கம்பியின்மேலேயே ஏறிவிட்டது எனலாம். இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் காணும் வெல்டிங் ராடு இதன் வழித்தோன்றலே.

ஆயினும் புதிய கலையின்மேல் நம்பிக்கை எளிதில் பிறக்கவில்லை. 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். அவ்வாண்டு பிப்ரவரியில் கல்கத்தாவில் ஹௌரா பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 26,500 டன் எஃகு கொண்ட அப்பாலம் முழுவதும் ரிவெட்டு ஆணிகளால் இணைக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதம், ஜனவரி 16ஆம் நாள், அமெரிக்காவில் போர்ட்லண்டு துறையில் அமைதியான நீரில் கட்டப்பட்டிருந்த ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், பேரொலியோடு நடுவே பிளந்தது. அது பற்றவைப்பால் கட்டப்பட்ட கப்பல். போர்க்காலத்தில் அதே முறையில் விரைந்து கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் பலவற்றிலும் வெடிப்புகள் தோன்றின.

முதலில் பழி பற்றவைப்பின்மேல் விழுந்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார், குளிரில் அந்த எஃகே நொறுங்கும் தன்மை அடைந்தது என்று காட்டினார். கூரிய மூலைகளும் இணைப்பிலிருந்த சிறு குறைகளும் வெடிப்புக்குத் தொடக்கமாயின. ரிவெட்டு அடித்த கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டின் ஓரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். பற்றவைத்த கப்பலோ ஒரே உடம்பாதலால் வெடிப்பு தடையின்றி ஓடியது. ஒன்றாக்குவதன் பலமும் அதுவே, அபாயமும் அதுவே. வெளித்தோற்றத்தில் அழகான இணைப்பு உள்ளே உறுதியானது என்று கொள்ளலாகாது என்பது அன்று உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

அப்பாடத்தைக் கற்ற பின்னரே நம் நாட்டில் இக்கலை பெருகியது. 1955 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் ஒத்துழைப்போடு, பற்றவைப்பால் இணைந்த எஃகுப் பெட்டிகளைச் செய்யலாயிற்று. திருச்சிராப்பள்ளியில் உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை எழுந்தபின், 1975இல் அங்கே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது.

இதற்கிடையில் காற்றைத் தடுக்க வேறு வழிகளும் தோன்றின. 1941ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ரஸ்ஸல் மெரிடித், டங்ஸ்டன் முனையைச் சுற்றி ஹீலியம் வாயுவைச் செலுத்தி மக்னீசியத்தைப் பற்றவைத்தார். டிக் எனப்படும் முறை இதுவே. 1948இல் தொடர்ந்து வரும் கம்பியையும் வாயுவையும் சேர்த்த மிக் முறை வந்தது. பின்னர் வந்த இன்வெர்ட்டர் யந்திரமோ வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து மாற்றுகிறது. அதிர்வெண் உயர்ந்தால் சிறிய மின்மாற்றியே போதும். எடை குறைந்த மர்மம் இதுதான்.

இனி, வாங்கும் கேள்விக்கு வருவோம். எவ்வாறு காற்றைத் தடுக்கப்போகிறோம் என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது. வாயுவைக் கொண்டு காக்கும் யந்திரம் திறந்த வெளிக்கு ஏற்றதன்று. காற்று வீசினால் காப்பு வாயு கலைந்துவிடும். மெல்லிய தகடுகளை மூடிய பட்டறையில் இணைப்போருக்கு அது நன்று. கதவும் கம்பியும் செய்யும் சாதாரணப் பொழுதுபோக்காளருக்குப் பூச்சுக் கம்பி உபயோகிக்கும் இன்வெர்ட்டரே போதும். 6013 என்னும் எண்ணுள்ள 2.5 மில்லிமீட்டர் கம்பிக்கு 70 அல்லது 80 ஆம்பியர் போதுமானது. அவ்வளவுக்கு வீட்டு இணைப்பிலிருந்து ஏறத்தாழ 12 அல்லது 13 ஆம்பியர் இழுக்கும். 3.15 மில்லிமீட்டர் கம்பிக்கு மாறினாலோ 15 ஆம்பியர் இணைப்பின் எல்லையை அது தாண்டக்கூடும். ஆதலால் பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டா. பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அம்மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதைக் கேட்க வேண்டும். 60 சதவிகிதம் என்றால் ஆறு நிமிட வேலை, நான்கு நிமிட ஓய்வு என்பது பொருள்.

உபயோகத்திலும் வரலாறு கற்பித்ததே வழிகாட்டி. துருவையும் வண்ணத்தையும் சுரண்டிவிட்டே தொடங்க வேண்டும். கம்பியை ஈரம் படாமல் வைக்க வேண்டும். ஈரம் ஹைட்ரஜனாகி உலோகத்தில் புகும். ஒவ்வோர் அடுக்கின் கசடையும் தட்டி நீக்கிய பின்னரே அடுத்த அடுக்கை இட வேண்டும். வீண் துண்டுகளை இணைத்து, பிடிகருவியில் இறுக்கிச் சம்மட்டியால் முறித்து, உள்ளே பார்ப்பது சிறந்த பயிற்சி.

மின்வில்லின் புறஊதாக் கதிர் கண்ணைச் சுடும்; சில மணி நேரம் கழித்தே மணல் விழுந்தாற்போல் உறுத்தும். 10 அல்லது 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகமூடி, தோல் கையுறை, பருத்தி உடை ஆகியவை அவசியம். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை அப்புறப்படுத்த வேண்டும். துத்தநாகம் பூசிய குழாயின் புகை காய்ச்சலை உண்டாக்கும். ஈரத்தரையில் நின்று வேலை செய்தல் கூடாது. பெட்ரோல் இருந்த பீப்பாயை அது வெறுமையாயிருப்பினும் தொடலாகாது. மிஞ்சிய ஆவி வெடித்துவிடும்.

இறுதியாக ஒன்று. வாகனத்தின் சட்டம், ஏணி, பாரம் தூக்கும் கொக்கி, அழுத்தக் கலம் போன்று, இணைப்பு விட்டால் உயிர் போகும் பொருள்களைப் பயிற்சி பெற்ற தொழிலாளரிடமே ஒப்படைக்க வேண்டும். வீட்டுப் பட்டறையில் கதவும் தாங்கியும் செய்வது தூய இன்பம். அந்த எல்லைக்குள் நின்று, பொறுமையோடு கை பழகுவோருக்கு, தில்லித் தூணைச் செய்த பெயரறியாக் கொல்லரின் கலையில் ஒரு சிறு பங்கு கிடைக்கும்.